கேத்திலின் அடியில் இருந்த வெள்ளை

அந்த வெள்ளிக்கிழமை காலை கரவெட்டியிலிருந்து நெல்லியடிச் சந்திக்குச் சைக்கிளில் வந்த சுபாஜினியின் முன்கூடையில் தண்ணீர் சுடவைக்கிற ஒரு பழைய கேத்தில் இருந்தது. துவாயால் சுற்றி, கயிறு போட்டுக் கட்டி, கைக்குழந்தையைக் கொண்டுவருவதுபோல் மேடு பள்ளம் பார்த்து ஓட்டிவந்தாள்.

சந்தியில் புடைவைக்கடையைத் திறந்துகொண்டிருந்த சின்னத்தங்கம் அதைக் கண்டுவிட்டாள்.

“என்ன பிள்ளை, மேல்மாடிக் கந்தோரிலை இனித் தேத்தண்ணிக் கடையோ?”

“இல்லையக்கா. இதை ஒரு வெள்ளைக்கார மனிசிக்குக் காட்டவேணும்.”

“கேத்திலையோ?”

“கேத்திலுக்குள்ளை கிடக்கிறதை.”

சின்னத்தங்கம் திறப்பைப் பூட்டில் வைத்தபடியே நின்றுவிட்டாள். பகிடி என்று நினைத்துச் சிரிக்க வாயெடுத்தவள், சுபாஜினியின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிப்போனாள். அழுது முடித்த முகம் அது. அழுது முடித்து, ஒரு முடிவும் எடுத்துவிட்ட முகம்.

கடைக்கு மேலே உள்ள கந்தோரில் இருபத்திரண்டு பேர் கணினிகளுக்கு முன்னால் இருந்து வேலை செய்கிறார்கள். சுபாஜினிக்கு நாற்பத்தொரு வயது. மற்றவர்கள் எல்லாரும் இருபதுகளில். அவர்களுக்கு அவள் ‘அக்கா’. அவள் அங்கே எப்படி வந்து சேர்ந்தாள் என்பதைச் சொன்னால்தான் அந்தக் கேத்திலின் கதை விளங்கும்.

உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவில் படித்தவள். இரண்டு முறை பரீட்சை எழுதினாள். ஒருமுறை இடம்பெயர்வு குறுக்கே வந்தது, மறுமுறை மூன்று புள்ளி குறைந்தது. பல்கலைக்கழகக் கனவை மடித்து வைத்துவிட்டு நெல்லியடியில் ஒரு ஸ்ரூடியோவில் வேலைக்குச் சேர்ந்தாள். பத்தொன்பது வருடம். கலியாணப் படங்களில் மணப்பெண்ணின் முகப்பருவை அழிப்பது, மாப்பிள்ளையின் சட்டையில் விழுந்த சாம்பாரை அழிப்பது, செத்துப்போனவர்களின் பழைய படங்களில் மழைநீர் பட்ட கறையை அழிப்பது. வடமராட்சியில் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் தொங்கும் முகங்கள் அவளுடைய விரல்களால் சுத்தமானவை. கறை எங்கே இருந்தாலும் அவள் கண் அங்கே போய் நிற்கும்.

பிறகு எல்லார் கையிலும் போன் வந்தது. ஸ்ரூடியோவுக்குப் பூட்டு விழுந்தது. எட்டு மாதம் வீட்டில் இருந்தாள். அலுமாரியில் மடித்த சேலைகளை எடுத்து மறுபடி மடித்தாள். “எனக்கு இனி ஒரு வேலையும் இல்லை, என்னப்பா” என்று ஒருநாள் கணவனிடம் சொன்னபோது அவள் குரல் கிணற்றடியிலிருந்து வருவதுபோல இருந்தது. கணவன் கேதீஸ்வரன் தண்ணீர்ப் பம்பி திருத்துபவன். எதையும் பகிடியாக எடுக்கிற மனிதன். அன்று அவனுக்கும் பகிடி வரவில்லை.

அந்த நேரத்தில்தான் இந்தக் கந்தோர் திறந்தது. படம் பார்க்கத் தெரிந்தவர்கள் தேவை என்றார்கள். சுபாஜினிக்குத் தெரிந்ததே அது ஒன்றுதான்!

வேலை இதுதான்: எங்கோ ஒரு குளிர்நாட்டில், ஒரு நதிக்கரையில், ஓர் அணுமின் நிலையம். எந்த நாடு என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. வருடத்துக்கொரு முறை பராமரிப்புக்காக உலையை நிறுத்தும்போது, சக்கரம் பூட்டிய ஒரு சிறிய கமரா அதன் குழாய்களுக்கு நடுவே ஊர்ந்து ஆயிரக்கணக்கில் படமெடுக்கும். அந்தப் படங்கள் நெல்லியடிக்கு வரும். ஒவ்வொன்றையும் பார்த்து நாலு பொத்தான்களில் ஒன்றை அமத்த வேண்டும். திரையில் ஆங்கிலத்தில் இருந்த அந்த நாலையும் அவர்கள் தங்களுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டார்கள்: ஈரம், துரு, படிவு, ஒன்றுமில்லை. அவர்கள் அமத்துவதைப் பார்த்து ஒரு கணினி பழகும். நாளைக்கு அந்தக் கணினியே பார்க்கும்.

மற்றவர்கள் அமத்தினார்கள். சுபாஜினி கேள்வி கேட்டாள். முதல்நாளே மேற்பார்வையாளன் ஜெயரூபனைப் பிடித்துக்கொண்டாள். இருபத்தொன்பது வயதுப் பொடியன், மொறட்டுவையில் படித்தவன், கெட்டிக்காரன்.

“தம்பி, உலை ஓடிக்கொண்டிருக்கேக்கை அதுக்குள்ளை ஆக்கள் போகேலாதோ?”

“ஏலாதக்கா. கதிர்வீச்சு.”

“அப்ப தண்ணி கசிஞ்சால் எப்பிடித் தெரியும்?”

ஜெயரூபன் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தான். அவனுக்கும் அதைச் சொல்ல ஆசைதான், வேறு யாரும் கேட்பதில்லை.

“பல வழி இருக்கக்கா. காத்திலை ஈரப்பதம் கூடுதோ எண்டு பாப்பினம். ஆக அடியிலை ஒரு குழி இருக்கு, அதுக்குள்ளை தண்ணி எவ்வளவு வேகமாச் சேருது எண்டு அளப்பினம். குழாயோடை கருவி ஒட்டி வைச்சுச் சத்தம் கேப்பினம். ஊசி ஓட்டையாலை தண்ணி பீறினால் ஒரு சத்தம் வரும், எங்கடை காதுக்குக் கேக்காது, கருவிக்குக் கேக்கும்.”

“பிறகென்னத்துக்கு எங்கடை கண்?”

“கருவிக்கும் பிடிபடாத கசிவு இருக்கு. ஒரு நாளைக்கு நாலைஞ்சு துளி. சூட்டிலை உடனை காய்ஞ்சு போகும். அதைக் கண்ணாலைதான் பிடிக்கவேணும்.”

“காய்ஞ்சு போனதை எப்பிடியடா தம்பி கண்ணாலை பிடிக்கிறது?”

ஜெயரூபன் சிரித்தான். “வழிகாட்டிப் புத்தகத்தை வாசியுங்கோ அக்கா. எண்பது பக்கம்.”

அந்தக் கேள்வி அவளுக்குள் ஒரு முள்ளாகத் தைத்துக்கொண்டது. காய்ந்துபோன நீரை எப்படிப் பார்ப்பது? சைக்கிளில் வரும்போதும் நினைத்தாள், சோறு வடிக்கும்போதும் நினைத்தாள்.

இனி அவள் செய்த பிழைக்கு வருகிறேன்.

மூன்றாம் கிழமை. பக்கத்து மேசையில் இருந்த மதுரா ஒரு படத்தைப் பெருப்பித்துக்கொண்டு கூப்பிட்டாள். மதுரா இருபத்துமூன்று வயதுப் பெட்டை, வேகமான கை.

“அக்கா, உதைப் பாருங்கோ. நட்டுக்குக் கீழை வெள்ளையாக் கிடக்கு. படிவோ?”

வழிகாட்டியில் ‘படிவு’க்கு ஒரேயொரு படம்தான் இருந்தது. அதில் குழாய் முழுவதும் பனி கொட்டியதுபோல் வெள்ளை. மதுரா காட்டியதோ ஒரு மெல்லிய கோடு, கீழே ஒரு சின்னக் குவியல்.

சுபாஜினி ஒருமுறை பார்த்தாள். ஒரேயொருமுறை.

“உது தண்ணிக்கறையடி. எங்கடை பைப் வாயிலை கிடக்கிறது. கேத்திலுக்கை கிடக்கிறது. ‘ஒண்டுமில்லை’ எண்டு போடு.”

அறை முழுவதும் அதைக் கேட்டது. வேறு யாருக்காவது சந்தேகம் வந்ததா? எப்படி வரும்? வடமராட்சியில் எந்த வீட்டுக் குழாயில் அந்த வெள்ளை இல்லை? சுண்ணாம்புக் கல்லுக்குள்ளிருந்து வருகிற தண்ணீர் அது. குளியலறைத் தரையில், சட்டி விளிம்பில், பம்பியின் மூட்டுகளில் எல்லாம் வெள்ளை பூத்திருக்கும். பிறந்த நாளிலிருந்து பார்த்த வெள்ளையை யார் கறை என்று எண்ணுவார்கள்? ‘அக்கா சொன்னவா’ என்பது அந்த அறையின் சட்டமாயிற்று. இருபத்திரண்டு பேரும் சின்ன வெள்ளை எதைக் கண்டாலும் ‘ஒன்றுமில்லை’ போட்டார்கள். ஐந்து கிழமையில் தொண்ணூறாயிரம் படங்கள் போய்ச் சேர்ந்தன.

எல்லாருடைய முடிவும் ஒன்றாக இருந்ததால் மேலிடம் பாராட்டியது. “இப்படி ஒத்துப்போகிற குழுவை நாங்கள் கண்டதில்லை” என்று கடிதம் வந்தது. ஜெயரூபன் அதை எல்லாருக்கும் வாசித்துக் காட்டிவிட்டுச் சொன்னான்:

“வாற வெள்ளிக்கிழமை அங்கத்தைப் பொறியியலாளர் மனிசியோடை திரையிலை கூட்டம். அதிலை, எங்கடை வேலையைச் சரிபாக்கிற பரிசோதகரா ஒராளைப் போடப்போகினம். நிரந்தர வேலை. என்ரை மனசிலை சுபாஜினியக்காதான்.”

நிரந்தரம்! அந்தச் சொல்லைக் கேட்டதும் அவள் கண் கலங்கிவிட்டது. எட்டு மாதம் சேலை மடித்த கைகள் மேசைக்குக் கீழே ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டன. வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது கேதீஸ்வரன், “இனி உம்மோடை கதைக்கிறதெண்டால் நான் கடிதம் குடுத்து நேரம் எடுக்கவேணுமோ?” என்று கேட்டுவிட்டு, பம்பி எண்ணெய்க் கையோடேயே அவள் தலையைத் தடவிவிட்டான்.

புதன்கிழமை போயா, பௌர்ணமி விடுமுறை. பரிசோதகர் ஆகப்போகிறவள் வழிகாட்டியை முழுதாக வாசிக்காமல் இருக்கலாமா என்று அவள் எண்பது பக்கத்தையும் எடுத்துக்கொண்டு குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தாள். யாரும் புரட்டாத கடைசிப் பக்கங்களில், உலைக்குள் ஓடும் நீரைப்பற்றி ஒரு குறிப்பு இருந்தது.

அந்த நீர் வடித்து வடித்து எடுத்த நீர். அதில் சுண்ணாம்பு இல்லை, உப்பு இல்லை. வேண்டுமென்றே கரைத்துவிட்ட பொருள்களில் முக்கியமானது போரிக் அமிலம். அணுக்கள் பிளக்கும்போது பறக்கிற நியூத்திரன்களை அது விழுங்கிக்கொள்ளும், உலையை அடக்கி வைக்கும். நீர் கசிந்து காய்ந்தால் போரிக் அமிலம் மட்டும் வெள்ளையாக மிஞ்சும், கசிவு நிற்காவிட்டால் பக்கத்து இரும்பை மெல்ல மெல்லத் தின்னும்.

அவள் அந்த வரியைத் திரும்பவும் வாசித்தாள். இவ்வளவு நாள் தைத்திருந்த முள்ளுக்கு விடை! காய்ந்துபோன நீரைப் பார்க்க முடியாது. அது விட்டுவிட்டுப் போனதைப் பார்க்கலாம்.

அப்படியானால் சுண்ணாம்பே இல்லாத அந்த நீரில் ‘கேத்தில் வெள்ளை’ எங்கிருந்து வந்தது?

“இஞ்சேருங்கோ!” என்று கத்தினாள். “போரிக் எண்டு எங்கையோ கேள்விப்பட்டிருக்கிறன். எங்கை?”

முற்றத்தில் பம்பி ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்த கேதீஸ்வரன் தலையைத் தூக்காமலே, “கரம் விளையாடுற பலகைக்குப் போடுற பவுடர்” என்றான். “டப்பாவிலை எழுதியிருக்கு.”

“வீட்டிலை கிடக்கே?”

“கிடக்கு. என்னப்பா, என்னோடை ஒரு ஆட்டம் விளையாடப்போறீரோ?”

அவள் டப்பாவைத் தேடி எடுத்தாள். இரண்டு தம்ளர் எடுத்தாள். ஒன்றில் கிணற்றுத் தண்ணீர். மற்றதில் கடையில் வாங்கிய போத்தல் தண்ணீரைச் சுடவைத்து ஊற்றி, கரம் பவுடரைக் கரைத்தாள். சாமி விளக்குக்கு வைத்திருந்த பஞ்சுத்திரிகள் இரண்டை, ஒரு நுனி தண்ணீருக்குள் இருக்க, தம்ளர்களின் விளிம்பால் தொங்கவிட்டாள். முற்றத்து வெயிலில் கிடந்து கொதித்த தகரத்தில் இரண்டும் சொட்டுச் சொட்டாக விழுந்தன. விழுந்த உடனேயே காய்ந்தன. கேதீஸ்வரன் வந்து பக்கத்தில் குந்தினான்.

“என்ன விளையாட்டு இது?”

“அணுமின் நிலையம்.”

“எங்கடை முத்தத்திலையோ? அயலட்டைக்குச் சொன்னனீரே?”

பின்னேரம் நாலு மணிக்குப் போய்ப் பார்த்தாள். கிணற்றுத் தண்ணீர் விழுந்த இடத்தில் சாம்பல்வெள்ளையாக ஒரு மெல்லிய படை, தகரத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு. மற்றதில் பொரி உடைத்துக் கொட்டியதுபோல், பொசுபொசுவென்று, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிய வெள்ளைக் குவியல். நகத்தால் தட்ட உதிர்ந்தது. இரண்டிலும் தேசிக்காய் பிழிந்தாள். முதலாவது நுரைத்தது, சுண்ணாம்பு அப்படித்தான் நுரைக்கும். குவியல் அசையவேயில்லை.

அந்தக் குவியலை அவள் முன்பே கண்டிருக்கிறாள். மதுராவின் திரையில். நட்டுக்குக் கீழே.

அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். எங்கோ ஒரு நதிக்கரையில், அவள் காணாத மனிதர்களின் ஊருக்குப் பக்கத்தில், ஓர் இரும்பு நட்டைத் துளித்துளியாக அந்த அமிலம் தின்றுகொண்டிருக்கிறது. அதைப் பார்த்து ‘ஒண்டுமில்லை’ என்று சொன்னது யார்? அவள்! ஒருமுறை பார்த்து, வாய்க்கு வந்ததைச் சொல்லி, இருபத்திரண்டு சோடிக் கண்களையும் மூடிவிட்டது அவள்!

“என்ரை கண்ணாலை நான் பிழை விட்டதேயில்லை எண்டு நினைச்சிருந்தனான்” என்று விம்மினாள்.

கேதீஸ்வரன் தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். “வெள்ளிக்கிழமை வரைக்கும் வாயைத் திறவாதையும். வேலைக் கடிதம் கைக்கு வரட்டும். பிறகு மெல்லச் சொல்லலாம்” என்றான். தகரத்தில் கிடந்த வெள்ளையை விரலால் தொட்டுவிட்டு அவனே தொடர்ந்தான்: “சீ. அதுவும் சரியில்லை. எங்கடை பம்பியிலையும் வெள்ளை கட்டின மூட்டைத்தான் நான் முதல் கழட்டுறனான். வெள்ளை கிடந்தால் அங்கை வாஷர் போயிட்டுது. எனக்குத் தெரியும். உமக்கு ஒருக்காலும் சொல்லேல்லை.”

“நானும் கேக்கேல்லை.”

“அதுதானே. உலகத்திலை உள்ள எல்லாத்தையும் கேப்பீர், புருசன்ரை வேலையைத் தவிர.”

அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வியாழக்கிழமை ஜெயரூபன் கொழும்பில் நின்றான். அவள் படங்களைத் திறந்து பார்த்து, குவியல் தெரிந்த முப்பத்தேழைத் தனியே குறித்து வைத்தாள். நல்ல மனம் கெட்ட மனத்தோடு அன்று முழுவதும் சண்டை பிடித்தது. வெள்ளிக்கிழமை காலை கேத்திலைக் கட்டி எடுத்துக்கொண்டு புறப்பட்டாள்.

ஜெயரூபன் முழுவதையும் கேட்டான். பிறகு முகம் சிவந்தது.

“தொண்ணூறாயிரம் படம், அக்கா! எல்லாம் போயிட்டுது. கணினி அதிலைதான் பழகிக்கொண்டிருக்கு. இண்டைக்கு அவையோடை கூட்டம். என்னத்தைச் சொல்ல?”

“நான் சொல்லுறன்.”

“உங்களுக்கு விளங்குதே? உங்கடை வேலை மட்டுமில்லை. இந்தக் கந்தோரே போகும்.”

“விளங்குது தம்பி. அதுதான் ரெண்டு நாளா அழுதனான். ஆனால் அந்த நட்டுக்கு நான் அழுகிறது தெரியாது.”

பதினொரு மணிக்குத் திரையில் ஒரு பெண் தோன்றினாள். மரியான் என்ற பொறியியலாளர், ஐம்பது வயதிருக்கும், கண்ணாடியைத் தலையில் ஏற்றியிருந்தாள். ஜெயரூபன் தொடங்குவதற்கு முன் சுபாஜினி எழுந்து முன்னால் வந்தாள். பள்ளிக்கூட ஆங்கிலம்தான். இருந்ததைக் கொண்டு சொன்னாள். பிழை எது, யார் தொடங்கியது, எத்தனை படம்.

மரியான் கோபப்படவில்லை. அவள் முகத்தில் வந்தது வேறொன்று. சுபாஜினிக்கு நன்றாகத் தெரிந்த அந்தக் கேள்வி முள்.

“இருபத்திரண்டு பேரும் எப்படி ஒரே பிழையை விட்டீர்கள்?” என்று கேட்டாள். “அது எனக்கு விளங்கவில்லை.”

சுபாஜினி துவாயை அவிழ்த்துக் கேத்திலின் வாயைக் கமராவுக்கு நேரே சரித்துப் பிடித்தாள். பதினைந்து வருடத் தேத்தண்ணி உள்ளே விட்டுவைத்த சுண்ணாம்பு, முட்டைக்கோதின் தடிப்பில், பளிச்சென்று தெரிந்தது.

“எங்கள் வீடுகளில் எல்லாம் இது இருக்கிறது. நாங்கள் இதைப் பார்ப்பதில்லை.”

மரியான் கண்ணாடியை இறக்கிப்போட்டுக்கொண்டு திரைக்கு அருகே வந்தாள். “இன்னும் கொஞ்சம் கிட்ட” என்றாள். பிறகு, “இதில் போட்ட தேநீர் எப்படி இருக்கும்?” என்றாள். யாரோ பின்னாலிருந்து, “கறுத்துத் திரண்டு, நல்லாத்தான் இருக்கும்” என்று தமிழில் சொல்ல, அறை முழுவதும் அடக்க முடியாமல் சிரித்தது. மரியானும் விளங்காமலே சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

“எங்கள் ஆட்களும் ஒரே குழாயை ஒவ்வொரு வருடமும் பார்த்துப் பார்த்து, அதில் வெள்ளையைக் காண்பதை விட்டுவிட்டார்கள். அதனால்தான் தூரத்துக் கண் வேண்டுமென்று உங்களிடம் அனுப்பினோம். சரி. அந்த முப்பத்தேழையும் உடனே அனுப்புங்கள். மிச்சத்தை முதலிலிருந்து பாருங்கள்.”

கந்தோர் போகவில்லை. ஆனால் எல்லாம் நன்றாக முடிந்தது என்றும் சொல்ல மாட்டேன். தொண்ணூறாயிரம் படங்களையும் மறுபடி பார்க்க ஆறு கிழமை பிடித்தது. இரண்டு பேர் சலித்துப்போய் விலகினார்கள். பரிசோதகர் வேலை மதுராவுக்குப் போனது. ஜெயரூபன் அதைச் சொல்லும்போது சுபாஜினியின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் மதுராவின் கையைப் பிடித்து, “முதல் கேள்வி கேட்டது நீதானேடி” என்றாள். பிறகு கைகழுவும் இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் கொஞ்ச நேரம் நின்றாள். அவளுடைய வேலை மாதத்துக்கு மாதம் நீடிக்கும் வேலையாகவே இன்றும் இருக்கிறது.

அந்த முப்பத்தேழு படங்களுக்கும் என்ன நடந்தது என்று யாரும் எழுதவில்லை. அங்கே எவ்வளவு கசிந்தது, யார் போய்ப் பார்த்தார்கள், அவளுக்குத் தெரியாது. ஜெயரூபனிடம் நாலுமுறை கேட்டாள். “அவை உதெல்லாம் சொல்லமாட்டினம் அக்கா” என்றான்.

அடுத்த வருடம் உலையை மறுபடி நிறுத்தினார்கள். புதிய படங்கள் வரத் தொடங்கி இரண்டாம் கிழமை, ஒரு காலை வேளை, சுபாஜினியின் கை மவுஸின்மேல் அப்படியே நின்றது. ஒரு வால்வு. பக்கத்துக் குழாயில் விரல்நுனி அளவு ஒரு நெளிவு. பாதி உரிந்த மஞ்சள் ஒட்டுத்தாள். ஸ்ரூடியோவில் முகங்களை நினைவு வைத்திருந்ததுபோல் இதையும் அவள் நினைவு வைத்திருந்தாள். மதுரா அன்று காட்டிய அதே இடம்.

படத்தைப் பெருப்பித்தாள். நட்டுகள் நாலும் புதியவை, இரும்பு இன்னும் மினுங்கியது. கீழே வெள்ளை இல்லை. மூட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள், ஒளியைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தாள். ஒரு துகள்கூட இல்லை.

பரிசோதகர் மேசையிலிருந்து மதுரா எட்டிப் பார்த்தாள். “என்னக்கா, ஒரு படத்திலேயே நிக்கிறியள்?”

“வந்து பார். ஆரெண்டு தெரியுதே?”

மதுரா வந்து குனிந்தாள். கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு அவள் கை சுபாஜினியின் தோளை இறுகப் பற்றியது. சுபாஜினி இன்னொருமுறை, மேலிருந்து கீழாக, முழுதாகப் பார்த்தாள். பிறகுதான் ‘ஒன்றுமில்லை’ பொத்தானை அமத்தினாள்.

அடுத்த படம் வந்தது.